பாலக்காட்டுக்குக் கச்சேரி கேட்கவும் மிருதங்கம் வாங்கவும் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஐப்பசி பிறந்தால் கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து நண்பர்களிடமிருந்து எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். பாலக்காட்டு அக்ரகாரமான கல்பாத்தியில் கச்சேரி என்றைக்கு, வாத்தியம் செய்யும் பெருவெம்பு கிராமத்தில் மிருதங்கம் வாங்க முடியுமா, ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாமா என்று கேட்பார்கள். நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். ஊர் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்துக்குள் இருக்கிறது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இரண்டு மொழியும். பதினோரு வயதில் மிருதங்கத்தில் கைவைத்தேன். கோயில் பஜனையிலும் சின்னச் சின்னக் கச்சேரிகளிலும் இன்றும் வாசிக்கிறேன். போனில் திரும்பத் திரும்பச் சொன்னதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

பாலக்காட்டில் அப்படி என்ன இருக்கிறது? சென்னை மார்கழி சீசனுக்குப் போனால் போதாதா?

சென்னைக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சென்னை மேடையில் நீங்கள் கேட்பதில் ஒரு பங்கு இங்கிருந்து போனது. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974) பாரதப்புழைக் கரையில் உள்ள செம்பை கிராமத்துக்காரர். எம்.டி. ராமநாதன் (1923–1984) பாலக்காட்டு மஞ்ஞப்ராவில் பிறந்தவர். பாடகர் கே.வி. நாராயணசாமியும் இந்த ஊர்தான். பாலக்காடு மணி ஐயர் (1912–1981) முதலில் பாடம் கேட்டது கல்பாத்தியை ஒட்டிய சாத்தபுரத்தில், சாத்தபுரம் சுப்பையரிடம். அப்புறம்தான் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் போனார். 1966இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதல் மிருதங்க வித்வான் அவர். சினிமாப் பாட்டுதான் பிடிக்கும் என்பவர்களுக்கும் ஒரு காரணம் உண்டு: எம்.எஸ். விஸ்வநாதன் 1928இல் பிறந்த எலப்புள்ளி, பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் வழியில்தான் இருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. வாத்தியம் செய்கிற கையும் அதை வாசிக்கிற கையும் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊர் இது. காலையில் பெருவெம்பில் ஒருவர் மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலைக்குச் சோறு, அதாவது நடுவில் வரும் கறுப்புப் பூச்சு, போடுவதைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே கல்பாத்தியில் அதே மாதிரி ஒரு வலந்தலை பேசுவதைக் கேட்கலாம். இதை ஒருமுறை அனுபவித்தவர்கள் அப்புறம் கச்சேரி கேட்கிற விதமே வேறாக இருக்கும். அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: கச்சேரியையும் பட்டறையையும் ஒரே பயணத்தில் பாருங்கள். முதலில் கேளுங்கள், பிறகு வாங்குங்கள்.

எந்த மாதம் வந்தால் நல்லது?

நவம்பர். கல்பாத்தி விசாலாட்சி சமேத விஸ்வநாத சுவாமி கோயில் தேர் ஐப்பசிக் கடைசியில், அதாவது நவம்பர் நடுவில் வரும். தேருக்கு முந்தைய நாட்களில் சங்கீத உற்சவம் நடக்கும். பிறகு கடைசி மூன்று நாட்கள் தேரோட்டம். மூன்றாம் நாள் சாயங்காலம் பக்கத்து அக்ரகாரக் கோயில்களின் தேர்களும் தேர்முட்டியில் வந்து கூடும்; அதைத் தேவரத சங்கமம் என்பார்கள். ஆட்கள் வடம் பிடிக்க, பின்னாலிருந்து யானை முட்டித் தள்ளும். அந்த மூன்று நாள் நெரிசலில் நின்று கச்சேரி கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். இசைக்காக வருகிறவர்கள் தேருக்கு நான்கைந்து நாள் முன்னாலேயே வந்துவிடுங்கள்.

நவம்பரில் வர முடியாவிட்டால் வேறு நாட்களும் இருக்கின்றன. குருவாயூரில் ஏகாதசியை ஒட்டி, நவம்பர் டிசம்பரில், செம்பை சங்கீத உற்சவம் நாள் முழுக்க நடக்கும். பெரிய வித்வான் முதல் அரங்கேற்றம் செய்யும் குழந்தை வரை ஆயிரக்கணக்கானோர் அந்த மேடையில் ஏறுகிறார்கள். தசமி அன்று பஞ்சரத்ன கீர்த்தனை. டிசம்பரில் பாலக்காட்டு ஸ்வரலயா அமைப்பின் நாட்டிய சங்கீத விழா, கோட்டையருகே ராப்பாடி திறந்தவெளி அரங்கில் நடக்கும். மாசி மாதம் ஏகாதசியை ஒட்டிச் செம்பை கிராமத்திலேயே, பார்த்தசாரதி கோயிலில் உற்சவம். கூட்டமும் குறைவு, மேடைக்குப் பக்கத்திலேயே உட்காரலாம். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இதுதான். பாலக்காட்டிலிருந்து கோட்டாயி போகும் பஸ்ஸில் ஏறினால் சுமார் 15 கிலோமீட்டர்.

ஜூன், ஜூலையில் மட்டும் வராதீர்கள். ஏன் என்பதைத் தோல் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

கல்பாத்திக் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமா? எங்கே உட்காருவது?

டிக்கெட் கிடையாது. அக்ரகாரத்திலேயே பந்தல் போட்டு மேடை அமைப்பார்கள். வருகிறவர்கள் வந்து உட்கார வேண்டியதுதான். பாட்டு இயற்றிய வாக்கேயக்காரர்கள் பெயரில் ஒவ்வொரு நாளும் ஒதுக்கப்பட்டிருக்கும். அன்றைய முதன்மைக் கச்சேரி மாலைதான். அதற்கு முன் இளம் பாடகர்கள் பாடுவார்கள். அவர்களைத் தவறவிடாதீர்கள். கூட்டம் இல்லாத அந்த நேரத்தில் மிருதங்கக்காரரின் விரல் தெரிகிற தூரத்தில் உட்காரலாம்.

இடம் பிடிக்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். நேர் நடுவில், ஒலிபெருக்கிப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தால் இடப்பக்கத் தோலான தொப்பியில் வழுக்கி எழும் கும்கி நாதம் முழுக்கக் குழம்பிப் போய்விடும். மேடையை நோக்கி இருக்கும்போது உங்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ, மிருதங்கக்காரரின் வலந்தலை உங்களைப் பார்க்கிற பக்கமாக முன்வரிசையில் இடம் தேடுங்கள். பெட்டியிலிருந்து வரும் சத்தத்தோடு வாத்தியத்திலிருந்து நேராக வருகிற சத்தமும் கொஞ்சம் காதில் விழும். பாலக்காடு மணி ஐயர் மைக் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்ற காலம் ஒன்று உண்டு. அவர் எதைக் காப்பாற்ற நினைத்தார் என்பது அந்த இடத்தில் உட்கார்ந்தால் புரியும்.

தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து காபிக்குப் போகிற பழக்கத்தைத் தயவுசெய்து எல்லையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இந்த ஊரில் அதற்காகவே வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் நிறையப் பேர்.

எனக்குக் கர்நாடக சங்கீதம் தெரியாது. வந்தால் ரசிக்க முடியுமா?

அப்படியானால் செண்டையிலிருந்து தொடங்குங்கள். ராகமும் சாகித்யமும் தெரிய வேண்டியதில்லை, காலும் நெஞ்சும் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

பாண்டி, பஞ்சாரி என்று செண்டை மேளங்களில் வகை உண்டு. பஞ்சாரி ஐந்து காலங்களில் நடக்கும். முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம். அடுத்து 48, பிறகு 24, 12, கடைசியில் 6. ஒவ்வொரு காலத்திலும் சுற்று பாதியாகச் சுருங்கிக்கொண்டே வரும். அதாவது தொடக்கத்தில் ஒரு சுற்று முடிய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பொறுமையாகக் கேட்டால்தான் கடைசியில் வரும் வேகத்தின் அருமை தெரியும். கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் ஓடிவந்து வீடியோ எடுக்கிறவர்களுக்கு வெறும் சத்தம்தான் கிடைக்கும். முன்வரிசையில் உருட்டுச் செண்டையும் குழலும், பின்வரிசையில் தாளம் பிடிக்கும் வீக்கன் செண்டையும் இலைத்தாளமும் கொம்பும் நிற்கும். நீங்கள் முன்வரிசைக்காரர்களின் பக்கவாட்டில் நில்லுங்கள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் நெம்மாறை வல்லங்கி வேலைத் திருவிழா, சித்திரையில் திருச்சூர் பூரம். பூரத்தன்று வடக்குநாதன் கோயில் மதிலுக்குள் நடக்கும் இலஞ்ஞித்தறை மேளத்தில் 200க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசிப்பார்கள். அதே நாளில் காலை மடத்தில் வரவு பஞ்சவாத்தியம்: திமிலை, மத்தளம், இடக்கை, இலைத்தாளம், கொம்பு. பூரம் கூட்டம் பயமாக இருந்தால் பாலக்காட்டுக் கிராமக் கோயில் திருவிழாக்களில் தாயம்பகை கேளுங்கள். ஒரே ஒரு செண்டைக்காரர் நடுவில் நின்று ஒன்றரை மணி நேரம் கட்டி எழுப்புவார். மேளத்தில் பெயர் பெற்ற பல்லாவூர் சகோதரர்கள் வளர்ந்த ஊர் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த வழி இன்றும் அறுபடவில்லை.

பெருவெம்புக்கு எப்படிப் போவது?

பாலக்காட்டிலிருந்து புதுநகரம், கொல்லங்கோடு போகும் பஸ் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும். பொள்ளாச்சி–பாலக்காடு ரயிலில் வருகிறவர்கள் புதுநகரத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். கோயம்புத்தூர்க்காரர்கள் உக்கடத்தில் பாலக்காடு பஸ் ஏறி, இறங்கி மாற வேண்டும். ரயிலில் வந்தால் பாலக்காடு ஜங்ஷன் ஒலவக்கோட்டில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கல்பாத்திக்கு அது பக்கம். பெருவெம்புக்கு என்றால் டவுன் ஸ்டேஷன் வசதி.

கிராமத்தில் இறங்கிய பிறகு வழி கேட்கவே வேண்டாம். திண்ணையில் காயும் தோலும், கட்டையில் அடிக்கும் சத்தமும் சொல்லிவிடும்.

கடைக்குப் போய் மிருதங்கம் ஒன்று எடுத்துக் காட்டச் சொல்லி, பணம் கொடுத்து வாங்கி வரலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் போனில் பேசியிருக்கிறேன். பெருவெம்பில் நீங்கள் பார்க்கப்போவது கண்ணாடி போட்ட கடை அல்ல, வீட்டோடு சேர்ந்த பட்டறை. தலைமுறை தலைமுறையாக மிருதங்கம், மத்தளம், செண்டை, இடக்கை, திமிலை, தவில் எல்லாம் இங்கே செய்கிறார்கள். பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு. தயாராக ஒன்றிரண்டு வாத்தியம் இருக்கலாம். ஆனால் அது உங்கள் சுருதிக்கு, உங்கள் கைக்கு ஏற்றதாக இருக்கும் என்று நம்பி வராதீர்கள்.

இரண்டு முறை வரத் திட்டமிடுங்கள். முதல் முறை மரக்கட்டையைத் தேர்ந்தெடுத்து, சுருதி சொல்லி, முன்பணம் கொடுத்துவிட்டுப் போங்கள். இரண்டாம் முறை வந்து வாசித்துப் பார்த்து, அவர் முன்னாலேயே திருத்தங்கள் செய்துகொண்டு வாங்கிப் போங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது ஒரு பெரிய தூரம் இல்லை; பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு சுமார் 45 கிலோமீட்டர்தான்.

கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை சீசன், பஜனை, கோயில் உற்சவம் என்று எல்லோருக்கும் வாத்தியம் வேண்டியிருக்கும். அப்போது போய் அவசரப்படுத்தினால் யாருக்கும் நல்லதல்ல. புரட்டாசியிலேயே பேசி வையுங்கள்.

எந்தச் சுருதியில் செய்யச் சொல்வது?

நீங்கள் யாருக்கு வாசிக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆண் குரலுக்கு ஒரு கட்டைச் சுருதியையொட்டி, பெண் குரலுக்கு நாலரை முதல் ஐந்தரைக் கட்டை வரை என்பது பொதுவான கணக்கு (இங்கே கட்டை என்பது மரம் அல்ல, சுருதியின் அளவு). தாழ்ந்த சுருதிக்குச் செய்வதைத் தக்கு மிருதங்கம் என்பார்கள்; சுமார் 24 அங்குல நீளம், வாய் கொஞ்சம் அகலம். மேல் சுருதிக்குச் செய்வது ஹெச்சு. சுமார் 22 அங்குலம். ஒரே மிருதங்கத்தை இரண்டுக்கும் இழுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரைக் கட்டை, மிஞ்சினால் ஒரு கட்டை ஏற்றி இறக்கலாம். அதற்கு மேல் இழுத்தால் தோல் கிழியும், இறக்கினால் நாதம் செத்துப்போகும்.

எம்.டி. ராமநாதன் மிகவும் தாழ்ந்த சுருதியில் பாடினார். அவருடைய பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு, ஒரு பெண் பாடகரின் பதிவைக் கேளுங்கள். இரண்டிலும் மிருதங்கத்தை மட்டும் கவனித்தால் தக்கும் ஹெச்சும் என்ன என்பது பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

கற்கத் தொடங்கும் குழந்தைக்கு வாங்குவதானால், ஆசிரியரைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். பெரும்பாலும் ஹெச்சுதான் சொல்வார்கள். சின்னக் கைக்கு எட்டும், தூக்கவும் இலகு.

நல்ல மிருதங்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்பா முதன்முதலில் வாங்கித் தந்த மிருதங்கம் ஒரு பெரிய நகரத்துக் கடையில் வாங்கியது. பளபளவென்று பாலிஷ், புதுத் தோல்வார், பார்க்க லட்சணமாக இருந்தது. இரண்டு மாதத்தில் சுருதி நிற்காமல் இறங்கத் தொடங்கியது. காலையில் சேர்த்தால் மதியத்துக்குள் போய்விடும். பெருவெம்பில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். அவர் தோலைக்கூடப் பார்க்கவில்லை. வாரை ஒதுக்கிவிட்டு உடம்பில் விரலை ஓட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. "இங்கே விண்டிருக்கு, மரத்தூளும் பசையும் வச்சு அடைச்சிருக்காங்க தம்பி" என்றார். பாலிஷுக்கு அடியில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். அப்பா அன்றைக்கு வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் அது.

அதனால் முதலில் கட்டை. தலைகள் மூட்டுவதற்கு முன்னால், வெறும் கட்டையாக இருக்கும்போது பாருங்கள். இதற்காகத்தான் இரண்டு முறை வரச் சொன்னேன். பலாமரம், ஒரே துண்டில் கடைந்ததாக இருக்க வேண்டும். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல், கணு, பூச்சித் துளை தெரிந்துவிடும். வைரம் பாய்ந்த முதிர்ந்த பலா கையில் கனக்கும், நிறம் ஆழமாக இருக்கும். விரல் முட்டியால் தட்டினால் சத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். நம் பண்ருட்டிப் பலாவுக்கு இந்தத் தொழிலில் நல்ல பெயர் உண்டு. கட்டை சரியாக இருந்தால் தோல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அது ஒரு வாழ்நாளுக்கு வரும்.

அடுத்து வலந்தலை. அதைச் சுற்றி வார் கோத்த 16 கண்கள் உண்டு. தம்புரா ஆப்பை உங்கள் சுருதியில் போட்டுவிட்டு, ஒவ்வொரு கண்ணுக்கு நேராகவும் மீட்டில் (ஓரத்துத் தோல் வளையத்தில்) ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். பதினாறிலும் ஒரே சுருதி பேச வேண்டும். இரண்டு மூன்றில் கொஞ்சம் ஏறி இறங்கினால் அவரே சுருதி தட்டுகிற கல்லையும் சிறு கட்டையையும் வைத்து உங்கள் முன்னால் சேர்த்துத் தருவார். எவ்வளவு சேர்த்தாலும் ஒரு பக்கம் மட்டும் பிடிவாதமாக இறங்கி நின்றால் தோலிலேயே கனம் ஏறுமாறாக இருக்கிறது, வேறு மூட்டச் சொல்லுங்கள்.

நடுவில் இருக்கும் கறுப்புக் கரணையைத்தான் சோறு என்கிறோம். பெயர் சும்மா வரவில்லை. கிட்டக்கல்லைப் பொடித்து, வடித்த சாதத்தோடு பிசைந்து, மெல்லிய பூச்சாகப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துக் காயவிட்டு, மறுபடி பூசுவார்கள். பல அடுக்குப் போட்டு முடிக்க வேண்டிய வேலை. கூர்ந்து பார்த்தால் நுண்ணிய வெடிப்புகள் தெரியும். அது குறையல்ல, அந்த வெடிப்பு இருந்தால்தான் தோல் அசையும். ஓரம் பொரிந்து உதிர்வதுதான் குறை. சாப்பு என்கிற அடியை வாசித்துப் பாருங்கள். கணீரென்று எழுந்து, நின்று, மெல்ல அடங்க வேண்டும். உடனே அமுங்கினால் சோறு கனத்துவிட்டது என்று பொருள்.

குச்சி வேண்டுமா கப்பி வேண்டுமா என்று அவர் கேட்பார். வலந்தலையின் தோல்களுக்கு நடுவே செருகுவது அது: மெல்லிய குச்சி வைத்தால் நாதம் கொஞ்சம் கூர்மையாக, ரீங்காரத்தோடு வரும், பொடிக்கல் போட்டால் அது கப்பி, ஒலி அடக்கமாக இருக்கும். நான் குச்சிக்காரன். வாசித்துப் பார்த்து உங்கள் காதுக்கு எது பிடிக்கிறதோ அதைச் சொல்லுங்கள்.

கடைசியாகத் தொப்பி. ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து நடுவில் அப்பி, கும்கி இழுத்துப் பாருங்கள். சத்தம் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். வாசித்து முடித்ததும் ரவையைச் சுரண்டித் துடைத்துவிட்டுத்தான் வாத்தியத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காய விட்டால் தோல் கெடும்.

மழைக்காலத்தில் வந்தால் என்ன?

ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும். தோல் காயவைப்பது கஷ்டம், சோறு உலர நாளாகும். அந்தச் சமயத்தில் நன்றாகச் சுருதி சேர்த்து வாங்கிய வாத்தியம், கோடையில் தோல் இறுகி மேலே ஏறி நிற்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை மூட்டிய தலை நீண்ட நாள் ஒழுங்காக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் பட்டறையைப் பார்க்க வரலாம், பேச வரலாம். வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

விலை பேசலாமா?

விலையைத் தீர்மானிப்பது கட்டை, தோல், சோற்றின் தரம், மூட்டும் கூலி. நல்ல தோல் கிடைப்பது வருடா வருடம் சிரமமாகிக்கொண்டே வருகிறது. பசு, ஆடு, எருமை மூன்றும் வேண்டும், ஒவ்வொன்றும் ஓர் இடத்துக்கு. வாருக்கு எருமைத்தோல். ஒருவர் மிருதங்கத்தைக் காலால் அணைத்துக்கொண்டு, முழு உடம்பையும் பின்னால் சாய்த்து வாரை இழுப்பதை ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். முட்டியும் இடுப்பும் நாற்பது வயதிலேயே போய்விடுகிற வேலை. உள்ளங்கையைப் பார்த்தால் வாரின் தடம் அப்படியே இருக்கும். அதைப் பார்த்த பிறகும் ஆயிரம் குறைக்கச் சொல்லி ஒருவர் நின்றால் எனக்கு மனது வலிக்கிறது. மேடையில் வித்வானுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அந்த நாதத்தை உண்டாக்கிய கைக்கு நாம் தரக்கூடியது அவர் கேட்ட கூலிதான்.

எது எது சேரும் என்று மட்டும் முன்கூட்டியே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்: உறை உண்டா, முதல் முறை இறுகக் கட்டித் தருவதற்குக் கூலி தனியா, தலை மாற்ற எவ்வளவு. தினமும் சாதகம் செய்கிறவருக்குச் சில மாதத்தில் வலந்தலை மாற்ற வேண்டி வரும். அதனால் இது ஒரு நாள் கொடுக்கல் வாங்கல் அல்ல. இவரோடு இருபது வருஷம் பழகப்போகிறீர்கள்.

படம் எடுக்கும் முன் கேளுங்கள். "அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா" என்று தமிழிலேயே கேட்டால் போதும், இங்கே எல்லோருக்கும் புரியும்.

நட்டு போல்ட்டு மிருதங்கம், ஃபைபர் மிருதங்கம் வாங்கலாமா?

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கும் அடிக்கடி பயணம் செய்கிறவர்களுக்கும் வசதிதான். ஸ்பேனர் வைத்துத் தாங்களே சுருதி சேர்த்துக்கொள்ளலாம். பலாக்கட்டையின் கார்வை அதில் வராது. முதல் வாத்தியமாக வாங்காதீர்கள், காது அதற்குப் பழகிவிடும்.

கிட்டார் கிடைக்குமா?

பாலக்காடு டவுனில் கிட்டார், கீபோர்டு விற்கும் கடைகள் இருக்கின்றன. தேர்ந்தெடுக்க நிறைய வேண்டுமென்றால் கோயம்புத்தூரோ கொச்சியோ போவது நல்லது. எங்கே வாங்கினாலும் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அதிகமிருந்தால் புதியவர் விரல் நொந்து ஒரே மாதத்தில் விட்டுவிடுவார். கழுத்து வளைந்திருக்கிறதா என்று கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் ஒருமுறை அழுத்தி மீட்டிப் பாருங்கள், எங்கும் கரகரக்கக் கூடாது.

நாங்கள் நாகர்கோவில் பக்கம். பாலக்காடு தூரம். வேறு வழி உண்டா?

உங்கள் வாசலிலேயே இருக்கிறது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் புறப்படுகிற ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தச் சரஸ்வதிக்கு முன்னால்தான் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாள் கச்சேரி. ஒவ்வொரு நாளுக்கும் சுவாதித் திருநாளின் ஒரு கீர்த்தனை குறிக்கப்பட்டிருக்கிறது. கூரையிலிருந்து மண்பானைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு எதிரொலியை அடக்கியிருக்கிறார்கள். கைதட்டக் கூடாது, அது பூஜை. ஆண்கள் வேட்டியில் வர வேண்டும். நீண்ட காலம் பெண்கள் அங்கே பாட முடியாமல் இருந்தது. 2006இல் முதன்முதலாக அமர்ந்து பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். பாறசாலை, களியக்காவிளை தாண்டினால் வருகிற ஊர்.

கோயிலுக்குள் எல்லோரும் போகலாமா?

குருவாயூர் கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டி கட்டிப் போக வேண்டும். கச்சேரி நடப்பது வெளியே மேல்பத்தூர் அரங்கில். கல்பாத்தி மேடையும் தெருவில்தான். இசையைக் கேட்க வரும் என் கிறிஸ்தவ, முஸ்லிம் நண்பர்கள் வருடம் தவறாமல் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுகிறார்கள்.

எங்கே சாப்பிடுவது, தங்குவது?

தங்குவதற்கு ஜங்ஷன் பக்கமும் டவுன் பஸ் ஸ்டாண்டுப் பக்கமும் லாட்ஜுகள் உண்டு. தேர் நாட்களுக்கு ஒரு மாதம் முன்னால் சொல்லி வையுங்கள். பொள்ளாச்சி வழியாக வந்தால் எலப்புள்ளிக்குப் பக்கத்தில் ராமசேரியில் இறங்கி இட்லி சாப்பிடாமல் போகாதீர்கள். தட்டையாக, தோசைக்கும் இட்லிக்கும் நடுவில், மண்பானை வாயில் துணி விரித்து வேகவைப்பது. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் கைப்பக்குவம். கல்பாத்தியில் அப்பளமும் கொண்டாட்டமும் வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர் வற்றல்தான், இங்கே பெயர் வேறு.

வாங்கிய மிருதங்கத்தை ஊருக்கு எப்படிக் கொண்டுபோவது?

பஸ்ஸில் என்றால் மடியில். சீட்டுக்கு அடியில் படுக்க வைத்தால் இன்ஜின் சூடும் குலுங்கலும் சேர்ந்து வாரைத் தளர்த்தும். காரில் டிக்கியில் வைக்கவே கூடாது. வாளையாறில் டீ குடிக்க நிற்கிற அரைமணி நேர வெயிலில் சோறு வெடித்துவிடும். ரயிலில் ஏசி காற்று நேராக அடிக்கிற இடத்தைத் தவிருங்கள். வலந்தலை எப்போதும் மேல்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கட்டும், கனத்தை அதன்மேல் நிறுத்தாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆசையில் உடனே சுருதி சேர்க்க உட்காராதீர்கள். பெருவெம்புக் காற்றும் உங்கள் ஊர்க் காற்றும் வேறு. உறையைத் திறந்து, ஓர் இரவு அறையில் அப்படியே விடுங்கள். காலையில் பார்த்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும் அல்லது ஏறியிருக்கும். கல்லையும் கட்டையையும் எடுத்து மெல்லத் தட்டி, பதினாறு கண்ணையும் சுற்றி வாருங்கள். முதல் ஒரு மாதம் பலமான சாப்பு வேண்டாம், பாடக் கைகளை மட்டும் நிதானமாக வாசித்துத் தோலைப் பழக்குங்கள். அதற்குப் பிறகு ஒருமுறை வார் தளரும். அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருவெம்புக்கே எடுத்து வாருங்கள், அவர் இறுகக் கட்டித் தருவார். கொழிஞ்சாம்பாறை தாண்டும்போது எனக்கும் ஒரு போன் போடுங்கள், கூடவே வருகிறேன்.